எதுல ஒத்துப்போகுது? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,
ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். உவமை, உருவகம் நடத்தினா பசங்க இலக்கணத்தை அப்படியே ஒப்பிச்சிடுறாங்க, பாட்டுல அடிக்கோடு போடச் சொன்னாலும் சரியா போட்டுடுறாங்க. சொந்தமா எழுதச் சொன்னா மட்டும் மொத்த கிளாசும் 'நிலவு போன்ற முகம்'தான். ஆக்டிவிட்டி வச்சு நடத்த ஆசை, ஆனா கிடைக்கிறதெல்லாம் கலர் அடிக்கிற ஒர்க்‌ஷீட்டா இருக்கு. வழி சொல்லுங்களேன்.
– ஒரு தமிழாசிரியை

அன்புள்ள டீச்சர்,

உங்க பசங்களுக்கு உவமை தெரியாம இல்ல. இன்டர்வெல்ல அவங்க பேசுறதக் கேளுங்க, 'பேய் மாதிரி கத்துறான்', 'கல்லு மாதிரி நிக்கிறா'ன்னு சரளமா வரும், அந்த 'மாதிரி' பாக்குற வேலையைத்தான் செய்யுள்ல 'போல', 'அன்ன', 'நிகர' எல்லாம் பாக்குது. நாமதான் எடுத்த எடுப்புல உவமானம், உவமேயம், உவம உருபுன்னு போர்டுல எழுதி அதை அவங்க வாயிலருந்து பிரிச்சு வச்சிடுறோம். முதல் நாள் அவங்க சொல்றதையே போர்டுல எழுதுங்க, பேரெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்.

அடுத்து ஒரே ஒரு கேள்விய பழக்குங்க: எதுல ஒத்துப்போகுது? தொல்காப்பியர் உவமவியல்ங்கிற பகுதியில இதை வினை, பயன், மெய், உருன்னு நாலா பிரிச்சிருக்கார், அதாவது செயல், பயன், வடிவம், நிறம். புலி மாதிரி பாஞ்சான்னா செயல், மழை மாதிரி வாரிக் கொடுக்கிற கைன்னா பயன், வில் மாதிரி புருவம்னா வடிவம், பவளம் மாதிரி உதடுன்னா நிறம். இதுவே அருமையான விளையாட்டு. மேஜை மேல ஒரு ரப்பர் வைங்க, கிளாஸை நாலு குரூப்பா பிரிச்சு ஆளுக்கொரு வகை கொடுங்க, நிலவு, மலர், தேன், முத்து நாலுக்கும் தடை போட்டுடுங்க. வடிவமும் நிறமும் சீக்கிரம் தீர்ந்துடும், செயல்லதான் நிஜமான யோசனை ஆரம்பிக்கும், 'ரப்பர் மெழுகுவர்த்தி மாதிரி, வேலை செய்யச் செய்ய தேஞ்சு போகுது'ன்னு ஒரு குழந்தை சொல்லிட்டா பக்கத்து குரூப்பும் உடனே அந்தத் தரத்துக்கு யோசிக்கும். பொருந்தாத உவமை வந்தா தயவுசெஞ்சு தப்புன்னு சொல்லாதீங்க. எதுல ஒத்துப்போகுதுன்னு மட்டும் கேளுங்க, ஒண்ணு அந்தக் குழந்தை காரணம் சொல்லும், இல்ல தானாவே மாத்திக்கும்.

உருவகத்துக்கு ரெண்டு அட்டை போதும். 'மலர்', 'முகம்'னு பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேர் நிக்கட்டும். மலர்முகம்னா மலர் மாதிரி முகம், இடம் மாறி நின்னா முகமலர், இப்ப முகமே மலர். தேன்தமிழ், தமிழ்த்தேன்னு இன்னும் சிலதை மாத்தி நிக்க வைங்க. ஆனா அதோட விட்டா அது வெறும் இடமாற்றம்தான், 'சரி, முகம் மலர் ஆயிடுச்சு, இனி அதுக்கு என்னவெல்லாம் நடக்கும்?'னு கேட்கணும். வாடும், விரியும், வண்டு வரும்னு அவங்க அடுக்கும்போதுதான் உருவகம் எவ்வளவு தூரம் போகும்னு புரியும்.

மரபுத்தொடருக்கு 'கம்பி நீட்டினான்', 'காதுல பூ சுத்துறான்' மாதிரி எழுதிக் கொடுத்து, சொன்னதை அப்படியே படம் வரையச் சொல்லுங்க, சிரிப்பு தாங்காது, ஆனா படத்துக்குக் கீழ சரியான அர்த்தத்துல ஒரு வாக்கியம் கட்டாயம் எழுத வைங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தற்குறிப்பேற்றம், அதாவது இயல்பா நடக்குற ஒண்ணு மேல கவிஞர் தன் கற்பனைக் காரணத்தை ஏத்திச் சொல்றது. சிலப்பதிகாரத்துல மதுரைக் கோட்டைக் கொடிகள் காத்துல ஆடுறது சாதாரண விஷயம், அதையே வராதேன்னு கோவலனுக்குக் கை காட்டுற மாதிரி இளங்கோ சொல்றார். இந்தக் காட்சிய கதையா சொல்லிட்டு, அவங்க தினம் பாக்குற ஒண்ண கொடுங்க: காத்துல ஜன்னல் படார்னு சாத்திக்குது, ஏன்? காத்தடிச்சதுன்னு சொல்லக் கூடாது, ஜன்னலுக்குன்னு ஒரு காரணம் வேணும். பேசவே பேசாத குழந்தைங்ககூட இதுல வாய் திறக்கும், ஏன்னா இங்க ஒப்பிக்க எதுவும் இல்ல, அவங்க மனசுல இருக்கிறதுதான் ஜன்னல் மேல ஏறி வரும்.

எல்லாத்தையும் ஒரே பீரியட்ல வைக்காதீங்க. ரப்பர்ல ஆரம்பிங்க, நாலஞ்சு நாள் வேற வேற பொருள் வச்சு அதையே விளையாடுங்க, மத்தது அப்புறம். பசங்க சொன்ன உவமைகளை எழுதி அனுப்புங்க, படிக்கக் காத்திருக்கேன்.