‘பார்த்துக்கலாம் சார்’

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனத்தில் எச்.ஆர். மேனேஜராக இருக்கிறேன். போன வருடம் 14 பேருக்கு ஐந்து நாள் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் பயிற்சி கொடுத்தோம். பிரமாதம் என்றார்கள். ஆர்டர்கள் என்னவோ பழையபடி தாமதம்தான். இந்த வருடம் எல்லோரையும் பி.எம்.பி. (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் புரொஃபஷனல்) என்ற சர்வதேசச் சான்றிதழ் தேர்வு எழுத வைக்கலாம் என்கிறார் எம்.டி. சரியா? சோலார் பம்ப் ஆர்டர்கள் வேறு நிறைய வருகின்றன.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. இத்தனை வருடமாக பம்பை லாரியில் ஏற்றி டீலருக்கு அனுப்பினால் உங்கள் வேலை முடிந்தது. விவசாயிகளுக்கு மானியத்தில் சோலார் பம்ப் தர 2019-ல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்ட ஆர்டர் அப்படியில்லை. தோட்டத்துக்கே போய் கான்கிரீட் போட்டு, ஸ்ட்ரக்சர் நிறுத்தி, பேனலும் கன்ட்ரோலரும் மாட்டித் தண்ணீர் வரவைக்க வேண்டும். அப்புறம் ஐந்து வருடப் பராமரிப்பு. கம்பெனி போகிற பாதையே மாறிவிட்டது. பயிற்சிக்குப் போன 14 பேரில் தோட்டத்தில் நிற்கும் சூப்பர்வைசர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இருக்க மாட்டார் என்பது என் ஊகம். வகுப்பு இங்கிலீஷில் என்றால் டிசைன், பர்ச்சேஸ் ஆட்களைத்தானே அனுப்பத் தோன்றும்?

நானும் அப்படிப் போனவன்தான். 1996-ல் நான் வேலை பார்த்த வால்வு தொழிற்சாலையிலிருந்து மூன்று நாள் ஹோட்டலில் உட்காரவைத்து, எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று பட்டை பட்டையாகக் காட்டும் கான்ட் சார்ட் போடக் கற்றுக்கொடுத்தார்கள். திரும்பி வந்து கலர் கலராக ஒன்று போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஆயுத பூஜைக்கு, எங்களுக்குப் பாகங்கள் வார்த்துத் தரும் பவுண்டரிக்காரர் ஐந்து நாள் உலையை மூடுவார் என்பது அதில் இல்லை. ஃபோர்மேனின் பாக்கெட் டைரியில் இருந்தது.

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று. பவுண்டரியிலிருந்து காஸ்டிங், அதாவது வார்த்த பாகம், எப்போது வரும் என்று முதலாளி கேட்டால் ‘பார்த்துக்கலாம் சார்’ என்போம். வராது என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும். ஒரு சின்னப் பையன், புது இன்ஜினியர், ‘பத்து நாள் லேட்டாகும்’ என்று உள்ளதைச் சொல்லி அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அடுத்த வாரமே அவனும் பார்த்துக்கலாம் கட்சி. இந்த மாதிரி இடத்தில், என்னென்ன சிக்கல் வரலாம் என்று பட்டியல் போடும் ரிஸ்க் ரிஜிஸ்டர் எழுதச் சொன்னால் ‘மழை வரலாம்’ என்றுதான் எழுதுவார்கள்.

டெல்லி மெட்ரோவில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த ஸ்ரீதரன், வேலை முடிய இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று காட்டும் கடிகாரங்களை வைத்திருந்ததைப் பயிற்சியாளர்கள் தவறாமல் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சட்டென்று முடிவெடுக்கும் அதிகாரமும் அங்கே இருந்தது. கடிகாரத்தை மட்டும் வாங்கி மாட்டி என்ன செய்ய?

பி.எம்.பி.யைக் குறை சொல்லவில்லை. எழுதுவதற்கே 35 மணி நேரப் படிப்பும் சில வருட அனுபவமும் வேண்டும். பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, தொடர்ந்து கற்பது போன்றவற்றுக்குக் கிடைக்கும் 60 பாயிண்ட் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசுகிற ஓரிருவர் எழுதட்டும். 14 பேரும் எதற்கு?

இப்படிச் செய்து பாருங்கள். போன வருடம் ரொம்ப இழுத்தடித்த ஒரு சோலார் ஆர்டரின் ஃபைலை எடுங்கள். பேனல் எந்தத் தேதியில் வந்தது, ஸ்ட்ரக்சர் எங்கே மாட்டிக்கொண்டது, விவசாயி ஊரில் இல்லாமல் எத்தனை முறை வண்டி திரும்பியது, எல்லாம் அதில் இருக்கும். அதுதான் பாடப் புத்தகம். ஸ்டோர்ஸ் ஆளையும் ஃபீல்டு சூப்பர்வைசர்களையும் உட்காரவைத்து, தமிழில், உங்கள் ஷெட்டிலேயே இரண்டு நாள் நடத்தச் சொல்லுங்கள். முதல் நாள் காலையில் எம்.டி. வந்து, தன்னால் தாமதமான ஒரு வேலையைப் பற்றி அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். மாட்டேன் என்றாரானால், பயிற்சிக்கு அட்வான்ஸ் எதுவும் இப்போதைக்குக் கட்டிவிடாதீர்கள்.