வீட்டிலிருந்து வந்துபோய்க் குடியை நிறுத்த முடியுமா?

கேள்வி: நாங்கள் குடியாத்தம் பக்கம். என் வீட்டுக்காரருக்கு 38 வயது, விசைத்தறி ஓட்டுகிறார். ஏழெட்டு வருடமாகக் குடிக்கிறார்; இப்போது தினமும் இரண்டு குவார்ட்டர். காலையில் கை நடுங்குகிறது, அறுந்த இழையைப் பிணைக்கக்கூட முடியவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. சில நாள் உட்கார்ந்து அழுகிறார். ஒரு மாதம் உள்ளேயே வைத்துக்கொள்ளும் இல்லத்தில் சேர்த்துவிடு என்கிறார் என் அண்ணன். இவரோ, "என்னை எங்கேயும் அடைச்சுப் போடாதே, நானே விட்டுடறேன்" என்கிறார். ஒரு மாதம் கூலி இல்லாவிட்டால் குழுக் கடன் கட்ட முடியாது. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க மருந்து இருக்கிறதாம், பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே வைத்தியம் பார்க்க முடியுமா?
ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: முடியும். குடிக்காக எங்கள் மருத்துவமனையின் ஓ.பி.க்கு (புறநோயாளிப் பிரிவுக்கு) வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்துபோய்த்தான் சிகிச்சை எடுக்கிறார்கள். ஆனால் முதல் ஒரு வாரம் அவர் தறிப் பக்கம் போகக்கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டுக் கணக்கு கூலியை வைத்து ஓடுகிறது என்பதால். ஒரு மாதக் கூலி போகாது, ஒரு வாரக் கூலி போகும்.

அதைவிட அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். "நானே விட்டுடறேன்" என்கிறாரே, டாக்டரைப் பார்க்கும்வரை அதை மட்டும் செய்ய விடாதீர்கள். விடச் சொல்லி இத்தனை வருடம் கெஞ்சிய உங்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இரண்டு என்றால் 120. ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 100 கிராமைத் தாண்டினாலே மிக அதிக ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. இந்த அளவு தினமும் மூளையை அமுக்கிக்கொண்டே இருந்தால், மூளையும் பதிலுக்கு முட்டிக்கொண்டே நின்று பழகிவிடும். கதவைத் தோளால் முட்டி நிற்பவர், கதவைச் சட்டென்று திறந்தால் என்ன ஆவார்? அப்படித்தான் ஆகும்.

கடைசிக் குடி முடிந்து ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். அவருடைய காலை நடுக்கம் இதுதான். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி யாராவது சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள்; கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், அவர் முந்தின ராத்திரியே கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளப் பழகியிருப்பார். அந்த ஒரு மடக்கு உள்ளே போனதும் கை நின்றுவிடும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாள் வரைக்கும் குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வது போலத் தெரிவது, யாரோ கூப்பிடுவது போலக் கேட்பது, இல்லாத வேலையைக் கையால் செய்துகொண்டிருப்பது எல்லாம் வரலாம். அப்படியே விட்டுவிட்டால் உயிரே போகும் நிலை அது.

கார்த்திகை மாதத்தில் இதை நான் அதிகம் பார்க்கிறேன். தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் மாலை போடுகிறார்; அன்றோடு குடியை நிறுத்துகிறார். மூன்றாம் நாள் விடியற்காலையில் குளிக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து விழுகிறார். வீட்டில் சாமி குற்றம் என்று பயந்து, பரிகாரம் கேட்கக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படி ஒருவரைக் கறுப்பு வேட்டியோடு, நெற்றியில் காயத்தோடு கூட்டிவந்தார்கள். அவர் மனைவி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "விரதத்தில நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. மாலை போடுவதும், கோயிலில் கயிறு கட்டுவதும் விடுவதற்கு மனசைத் தயார்ப்படுத்தும். அந்த உறுதியை நான் மிகவும் மதிக்கிறேன். மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே எங்களிடம் வந்துவிட்டால், இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

சரி, ஓ.பி.யில் என்ன செய்வோம்? சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்ததும் கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்று கேட்போம். இரண்டு கையையும் நீட்டி விரலை விரிக்கச் சொல்வோம். வெளியே தெரியாத நடுக்கமும், விரல் மேல் ஒரு தாளை வைத்தால் தெரிந்துவிடும், தாள் படபடக்கும். நாடி, ரத்த அழுத்தம், சர்க்கரை, கல்லீரல் சோதனை பார்ப்போம். அப்புறம் டாக்டர் லோராசெபாம், குளோர்டயாசிபாக்சைடு போன்ற ஒரு மாத்திரையை எழுதுவார். குடி செய்துவந்த வேலையை அந்த மாத்திரை கொஞ்ச நாள் செய்யும். தினமும் அளவைக் குறைத்து ஐந்து முதல் ஏழு நாளில் நிறுத்திவிடுவோம். மூளை மெதுவாக நிமிர அந்த அவகாசம் போதும். ஒன்றிரண்டு நாளுக்கு உரிய மாத்திரையை மட்டும் கவரில் போட்டு உங்கள் கையில் கொடுப்போம், அவர் கையில் அல்ல. இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு குடித்தால் மூச்சே அடங்கிவிடலாம். தூக்கக் கலக்கமும் இருக்கும், அதனால்தான் தறியும் வேண்டாம், பைக்கும் வேண்டாம் என்கிறேன்.

இதோடு தயாமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி போடுவோம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நம் ஊரில் சோர்ந்து படுத்தால் உடனே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்கிறோம். வருடக்கணக்கில் குடித்தவர் உடம்பில் பி1 வற்றிப்போயிருக்கும். அந்த நேரத்தில் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சமிருப்பதும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடும், கண் ஒரு பக்கம் சரியாகத் திரும்பாது, நினைவு தப்பும். சிலருக்கு அந்த நினைவு திரும்பி வருவதே இல்லை. எங்கே கொண்டுபோனாலும் "இவர் தினமும் குடிப்பவர்" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

எல்லோருக்கும் வீட்டிலிருந்தே பார்க்க முடியாது. இதற்கு முன் குடியை நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்திருந்தால், கண் மஞ்சளாக இருந்தால், வயிறு வீங்கியோ ரத்த வாந்தி எடுத்தோ இருந்தால், தூக்க மாத்திரையும் சேர்த்துப் போடும் பழக்கம் இருந்தால், ராத்திரி கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால், மருத்துவமனையில் சில நாள் சேர்ப்பதுதான் நல்லது. அதுவும் சில நாள்தான். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினர் ஒருவரும் கூடவே தங்குவது நெடுங்கால வழக்கம். சேர்ப்பது என்றால் அடைப்பது என்று உங்கள் கணவர் பயப்படுகிறார், இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். அண்ணன் சொல்லும் இல்லத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. டாக்டர் தினமும் வருகிறாரா, பதிவு பெற்ற இடமா, நீங்கள் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் அங்கே சேர்க்காதீர்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, குடி, போதையால் வரும் மனநலப் பாதிப்பையும் உள்ளடக்கியது. யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்றும் சொல்கிறது. நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பதும் அதில் உண்டு. தறி முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம்.

சாப்பாட்டில் கலக்கும் மருந்து வேண்டவே வேண்டாம். பேருந்து நிலையச் சுவர்களில் "அவருக்குத் தெரியாமலே" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மருந்தைக் கலந்திருந்தால், அதன் மேல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். இதயம் பலவீனமானவர் செத்தும் போகலாம். அதே மருந்தை நாங்களும் கொடுக்கிறோம். இதயம், கல்லீரல் சோதனை பார்த்து, குடித்தால் என்ன ஆகும் என்று அவருக்கே விளக்கி, சம்மதம் வாங்கிய பிறகு, காலையில் மனைவி கண் முன்னால் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறோம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த வேகம் உடம்பில் இருக்கும் என்பதையும் சொல்லி அனுப்புகிறோம். அவருக்குத் தெரிந்து போட்டால் அது அவருக்குக் காவல். தெரியாமல் கலந்தால், ஒருநாள் அவருக்குத் தெரியவரும்போது உங்கள் கையால் சாப்பிடவே பயப்படுவார்.

அவர் அழுவதைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் மனசில் நிற்கிறது. குடிப்பதால் மனச்சோர்வு வருகிறதா, மனச்சோர்வால் குடிக்கிறாரா என்பது முதல் நாள் யாருக்கும் தெரியாது. குடித்துக்கொண்டிருக்கும்போது மருந்து கொடுத்தாலும் சரியாகப் பிடிக்காது. குடி நின்று இரண்டு முதல் நான்கு வாரம் பார்ப்போம். பலருக்கு அழுகை தானாக வடிந்துவிடும். வடியாதவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரை தொடங்குவோம். அது வேலை செய்யவும் சில வாரம் ஆகும்; அதற்கு அடிமையாகிவிடுவார் என்ற பயம் வேண்டாம். தூக்கமும் அப்படித்தான். குடித்தால் சீக்கிரம் தூங்குவார், ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வார். நிறுத்திய பிறகும் சில வாரம் தூக்கம் கெட்டுத்தான் இருக்கும், அதைக் காரணம் காட்டி மறுபடி தொடங்குகிறவர்கள் நிறையப் பேர்.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். குடிக்காத நேரம் பார்த்து, "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டதும் பாரம் இறங்கிப் பேசுகிறவர்களைத்தான் பார்க்கிறேன். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து, எலிமருந்தை வீட்டைவிட்டு வெளியே வையுங்கள், அன்றே கூட்டி வாருங்கள். நடு ராத்திரி என்றால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வலிப்போ குழப்பமோ வந்தால் 108. குடித்துவிட்டு உங்களை அடிக்கிறார் என்றால் 181. கடிதத்தில் எழுதவில்லையே தவிர, சில சமயம் அதுவும் இருக்கும்.

முதல் வாரம் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து வராமல் நின்றுவிடுகிறார்கள். உடம்பிலிருந்து குடி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆசை போகவில்லை. அதைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்று கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து டாக்டர் சொல்வார். அவற்றைப் போட்டுக்கொண்டு தறி ஓட்டலாம். அதோடு வாரம் ஒருமுறை வந்து பேச வேண்டும். எங்கள் பேச்சு பெரும்பாலும் சனிக்கிழமையைப் பற்றித்தான் இருக்கும். கூலி வாங்கிய கையோடு, கூட்டாளியோடு, கடை இருக்கும் அதே தெரு வழியாக வீட்டுக்கு வருவார் பாருங்கள், அந்த அரை மணி நேரத்தைப் பற்றி. வேறு தெரு வழியாக வரலாமா? கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லலாமா? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீங்களே தறிக்கூடத்து வாசலில் போய் நிற்கலாமா? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொன்று ஒத்துவரும்.

அப்படியும் ஒருநாள் குடித்துவிடலாம். அன்றைக்குச் சண்டை போடாதீர்கள், குடித்த தலையில் எதுவும் ஏறாது. மறுநாள் காலை கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். மறுபடி குடித்தவர்கள் எங்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்து வெட்கப்பட்டு வராமல் இருக்கிறார்கள், அதில்தான் ஒருநாள் குடி ஒரு வருடக் குடியாகிறது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் டாக்டரிடம் வரத்தானே செய்கிறார்?

எங்கே போவது? குடியாத்தம் அரசு மருத்துவமனையில் முதலில் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்த நாள் வருகிறார் என்று ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்திலேயே சொல்வார்கள். இல்லையென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு இல்லை. பாகாயத்திலும் பார்க்கலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. போகும்போது பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டை, ஆதார் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் நடுக்கம் தாங்காமல் கொஞ்சம் குடித்துவிட்டாலும் பரவாயில்லை, கூட்டி வாருங்கள். வாடை வருகிறது என்று யாரையும் நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை. உங்களிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேசுவோம், அதற்கும் நேரம் வைத்துக்கொண்டு வாருங்கள்.

முந்தின நாள் அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். குடியை நிறுத்தப் போகலாம் என்று தொடங்க வேண்டாம். அவரே கஷ்டப்படுவது கையாலும் தூக்கத்தாலும்தான். "கை நடுங்குதே, தறியில மாட்டிக்கப் போகுது. ராத்திரியும் தூங்கறதில்ல. காலையில ஒரு தடவை போய்க் காட்டிட்டு வந்துடலாம், நானும் வரேன். அடைக்கல்லாம் மாட்டாங்க, சாயந்திரம் வீட்டுக்கு வந்துடலாம்." இவ்வளவு போதும். மிச்சத்தை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.