ஆடு ஏன் அந்தரத்தில் நிற்கிறது? விலங்குகளும் நிழலும்: கேள்வி-பதில்

கேள்வி: ஆட்டுக்கு நிழல் தீட்டியும் அது மிதப்பதுபோலவே இருக்கிறதே?

பதில்: நிழல் குளம்பிலிருந்து கிளம்பியிருக்காது. வயிற்றுக்கு அடியில் ஒரு நீள்வட்டம் தீட்டிவிட்டு நிறுத்துவது பலருக்கும் பழக்கம். குளம்பு தரையைத் தொடும் இடத்தில் 6பி என்ற மென்மையான, கறுப்பான பென்சிலால் மயிரிழை அளவுக்கு அழுத்தமான கோடு வேண்டும். நான்கு குளம்புகளும் தாளில் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். நம்மைவிட்டு விலகிய அந்தப் பக்கத்துக் கால்கள் தாளில் சற்று மேலே ஊன்ற வேண்டும். நான்கு கால்களின் நிழலும் ஒரே திசையில் ஓடி, உடலின் நிழலில் சேரட்டும்.

கேள்வி: மாட்டின் நிழலுடைய நீளத்தையும் வடிவத்தையும் குத்துமதிப்பாகத்தான் போடுகிறேன். வழி உண்டா?

பதில்: உண்டு. தொடக்கத்தில் வெயிலைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் எளிது. கதிர் தரையோடு 45 பாகை சாய்வில் வந்தால் நிழல் நீளம் உயரத்துக்குச் சமம். 30 பாகையில் ஏறக்குறைய 1.7 மடங்கு, 60 பாகையில் 0.6 மடங்கு.

கொம்பு நுனி, முகவாய், திமில், இடுப்பெலும்பு, வாலடி, வயிற்றின் தாழ்ந்த இடம் என ஆறு புள்ளிகளைக் குறியுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டதுபோல நேர்கீழே இறங்கி, தரையைத் தொடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். திமிலிலிருந்து இறங்கும் கோட்டை இந்தப் பக்கத்துக் குளம்பில் கொண்டுபோய் முடித்துவிடுகிறார்கள். அது இரு முன்குளம்புகளுக்கும் நடுவிலுள்ள தரையில் முடிய வேண்டும். தரைப்புள்ளியிலிருந்து ஒரு கிடைக்கோடு, மேற்புள்ளியிலிருந்து கதிரின் சாய்வில் ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் அந்தப் புள்ளியின் நிழல். ஆறையும் இணைத்தால் நிழலின் வடிவம் வந்துவிடும். சூரியன் படத்துக்குள்ளேயே தெரிந்தால், அதற்கு நேர்கீழே தொடுவானத்தில் ஒரு புள்ளி வையுங்கள். தரைக்கோடுகள் அங்கிருந்து விரியும், சாய்கோடுகள் சூரியனிலிருந்து வரும்.

கேள்வி: பசுவுக்கு முன்னால் கன்று. காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல இருக்கிறது.

பதில்: பசுவை முதலில் முழுசாக, கன்றின் உடலை ஊடுருவி, 2எச் என்ற கடினமான பென்சிலில் மெல்லிதாக வரையுங்கள். மறைய வேண்டியதைப் பிறகு அழிக்கலாம். கன்றை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் பசுவைச் செருகினால், அதன் முன்காலும் பின்காலும் ஒரே உடம்பின் கால்களாகத் தெரியாது. கன்றின் முதுகுக்கோடும் பசுவின் வயிற்றுக்கோடும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடினாலும் ஆழம் செத்துவிடும். கன்றை ஒரு விரற்கடை இறக்குங்கள்.

தரையில் ஓடிவரும் கன்றின் நிழல் பசுவின் காலில் பட்டதும் மேலேறும், விலாவில் வளையும். நேராக இழுத்துவிட்டால் பசு பலகையாகிவிடும். கன்று பசுவை உரசி நின்றால் நிழல் கன்றின் கோட்டை ஒட்டியே இருக்கும். விலகி நின்றால் கோட்டுக்கும் நிழலுக்கும் நடுவே வெயில் பட்ட பட்டை ஒன்று தெரியும். அந்தப் பட்டையின் அகலத்தைக் கொண்டுதான் பார்ப்பவர் கண் இருவருக்கும் உள்ள தூரத்தை அளக்கிறது.

கேள்வி: எருமை முழுக்கக் கறுப்பு. நிழலை எங்கே காட்டுவது?

பதில்: தாளின் வெண்மை 1, 6பி-யின் முழுக் கறுப்பு 5 என்று வைத்துக்கொண்டால், வெயில் படும் தோலுக்கு 3, படாத பக்கத்துக்கு 5, தரை நிழலுக்கு 4. அடிவயிற்றைக் கொஞ்சம் வெளுப்பாக்குங்கள். வெயில் பட்ட தரையின் ஒளி அங்கே திரும்பி அடிக்கும். வெள்ளாட்டில் வெள்ளையாக இருப்பதற்கு 1, 2, 3 போதும். வெள்ளை ரோமத்தின் நிழல் பக்கம்கூட எருமையின் வெயில் பக்கத்தைவிடக் கறுக்கக் கூடாது.

கேள்வி: நிழலின் விளிம்பை விரலால் தேய்த்து மங்கவைக்கலாமா?

பதில்: விரல் எண்ணெய் தாளில் ஏறித் திட்டுத்திட்டாகும், டிஷ்யூ பேப்பர் நல்லது. எல்லா இடத்திலும் தேய்க்கவும் வேண்டாம். வானத்தில் சூரியத் தட்டின் அகலம் சுமார் அரைப் பாகை. அதனால் நிழலைப் போடும் உறுப்பு தள்ளிப்போகப் போக, அந்தத் தூரத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அகலத்துக்கு விளிம்பு மங்கும். குளம்பருகே கத்திக்கூர்மை, நிழல் விழும் இடத்திலிருந்து 150 செ.மீ. தள்ளியிருக்கும் கொம்புக்கு ஒன்றரை செ.மீ. மங்கல்.

கேள்வி: பொம்மை விலங்கை மேசை விளக்கில் வைத்துப் பழகலாமா?

பதில்: பழகலாம். விளக்கு பக்கத்தில் இருந்தால் நிழல் விசிறிபோல் விரியும், வெயிலில் அப்படி ஆகாது. விளக்கை இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள்.