பாதி மூடிய இணைப்பு: மீதியை யார் மூடுவது?

கேள்வி: கல்லூரி இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகப் பைத்தானில் சிறிய பிட்டாரண்ட் செயலி (ஒரு கோப்பைப் பலரிடமிருந்து துண்டு துண்டாகப் பெறுவது) ஒன்றை எழுதியிருக்கிறேன். பகலில் ஒழுங்காக ஓடுகிறது. இரவு முழுக்க ஓடவிட்டால் காலையில் மடிக்கணினி கொதிக்கிறது. திறந்த கோப்புகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்ற பிழை வந்து நிற்கிறது. 900-க்கும் மேற்பட்ட இணைப்புகள் 'க்ளோஸ்-வெயிட்' நிலையில் கிடக்கின்றன. லினக்ஸில் 'ஃபின் டைம்அவுட்' அளவைக் குறைக்கச் சொல்கிறான் நண்பன். குறைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த அளவு (இயல்பாக 60 விநாடி) தன் பக்கத்தை முதலில் மூடிவிட்டு எதிர்முனைக்காகக் காத்திருக்கும் கணினிக்கு உரியது. உங்கள் நிலை அதற்கு நேர் எதிர். எதிர்முனை 'இனி நான் அனுப்ப ஒன்றுமில்லை' என்று ஃபின் என்னும் முடிவுக் குறிப்பை அனுப்பிவிட்டது. உங்கள் கர்னலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டது. மூட வேண்டியது உங்கள் செயலி. அது மூடும்வரை க்ளோஸ்-வெயிட் நிலைக்குக் காலக்கெடுவே கிடையாது.

இது கர்னலின் குறை அல்ல. டிசிபி (இந்த இணைப்புகளை நடத்தும் இணைய நெறிமுறை) இணைப்பில் போக்கும் வரவும் தனித்தனி. ஒன்று முடிந்த பிறகும் மற்றொன்று தொடரலாம் என்று 1981-இல் வந்த ஆர்எஃப்சி 793 என்ற நெறிமுறை ஆவணம் வகுத்திருக்கிறது. உங்களிடம் இன்னும் அனுப்ப ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பது கர்னலுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் அனுப்பிய நிரல்வரிகளைப் படித்தேன். சாக்கெட்டிலிருந்து (செயலி இணைப்பைக் கையாளும் முனை) வாசித்தது வெறுமையாக இருந்தால் 'தரவு இன்னும் வரவில்லை' என்று எண்ணிச் சுழற்சியைத் தொடர்கிறீர்கள். கோளாறு அந்த ஒரு வரியில்தான். வெறுமையாக வருவதற்குப் பொருள், எதிர்முனை முடித்துவிட்டது என்பதே. அதன் பிறகு அந்தச் சாக்கெட் எப்போதும் 'வாசிக்கத் தயார்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். சுழற்சி மூச்சுவிடாமல் சுற்றும். மடிக்கணினி கொதித்ததும் இதனால்தான். சாக்கெட் ஒவ்வொன்றும் ஒரு திறந்த கோப்பாகவே கணக்கில் வரும். லினக்ஸில் ஒரு செயலிக்கு வழக்கமாக 1024 கோப்புகள் வரைதான் அனுமதி என்பதால் இரவுக்குள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள்.

ஆனால் வெறுமை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சாக்கெட்டை மூடிவிடாதீர்கள். முதலில், உங்கள் இடையகத்தில் (வந்த தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம்) முழுமையாக வந்து, இன்னும் பிரித்துப் பார்க்காத செய்திகள் இருக்கலாம். அவற்றை முடியுங்கள். அடுத்து, எதிர்முனையில் இருந்த அந்த நபரிடம் கேட்டு இன்னும் வராத 16,384 பைட் துண்டுகளையெல்லாம் 'கேட்கப்படாதவை' பட்டியலுக்குத் திருப்புங்கள். பெரும்பாலானோர் மறப்பது இதைத்தான். மறந்தால் பதிவிறக்கம் 99 விழுக்காட்டில் நின்றுவிடும், காரணம் எங்கும் தெரியாது. பிறகு மூடுங்கள். பாதி மூடிய நிலைக்குப் பிட்டாரண்டில் பயன் இல்லை. இனி கோரிக்கையே அனுப்ப முடியாத ஒருவருக்காக இடத்தைப் பிடித்துவைத்திருப்பதில் பொருளில்லை.

எல்லா நெறிமுறைகளும் இப்படியல்ல. பல ஆண்டுகளுக்கு முன் அலுவலகக் கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்ப ஒரு சிறு நிரல் எழுதினேன். சில கோப்புகளின் கடைசிப் பகுதி மட்டும் போய்ச் சேரவில்லை. மூன்று இரவுகள் தேடினேன். அனுப்பி முடித்ததும் நேராக மூடியிருந்தேன். எதிர்முனை அனுப்பிய சில பைட்டுகளை நான் வாசித்திருக்கவில்லை. வாசிக்காத தரவு இருக்கும்போது மூடினால் லினக்ஸ் ஃபின்னுக்குப் பதிலாக, இணைப்பைச் சட்டென முறிக்கும் ரீசெட் அனுப்பிவிடும். எதிர்முனை வாசிக்காமல் வைத்திருந்ததும் அதனால் பறிபோகலாம். அனுப்பும் பக்கத்தை மட்டும் 'ஷட்டவுன்' செய்து, எதிர்முனையும் முடிக்கும்வரை வாசித்து, பிறகு மூடியதும் கோப்புகள் முழுமையாகச் சேர்ந்தன. பாதி மூடுதலின் அருமை எனக்குப் புரிந்தது அன்றுதான்.

இன்னொரு வகையையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். எதிர்முனையில் மின்சாரம் போய்விட்டால் ஃபின் வராது. இணைப்பு நிலைத்திருப்பதாகவே உங்கள் பக்கம் காட்டும். லினக்ஸின் 'கீப்அலைவ்' வசதியை இயக்கினாலும் அது சோதிக்கத் தொடங்குவது இயல்பாக 2 மணி நேரம் கழித்துத்தான். பிட்டாரண்டிலோ பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் வழக்கமாக 2 நிமிடத்துக்கு ஒருமுறை, நான்கு சுழிய பைட்டுகள் கொண்ட செய்தி வரும். மூன்று நிமிடம் எதுவுமே வராவிட்டால் துணிந்து மூடுங்கள்.

திருத்தியதும் இரண்டு கணினிகளை வைத்துச் சோதியுங்கள். ஒன்றில் செயலியை வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள். கர்னலே ஃபின் (வாசிக்காத தரவு இருந்தால் ரீசெட்) அனுப்பும், மற்றதன் பட்டியலிலிருந்து அந்த இணைப்பு உடனே மறைய வேண்டும். அடுத்த முறை செயலியைத் தொடாமல் வலைக் கம்பியைப் பிடுங்குங்கள். மூன்று நிமிடத்தில் மறைய வேண்டும். இரண்டிலும் வராத துண்டுகள் பட்டியலுக்குத் திரும்பினவா என்று எண்ணிப் பாருங்கள்.