பக்கற்றில் இருக்கும் ஈ (E) எண்கள், அதாவது உணவுச் சேர்க்கைகளின் குறியீடுகள்: வாசகர் கேள்விகள்

கொத்துக்கடையில் அஜினமோட்டோ அள்ளிப் போடுகிறார்கள். மூளை பாதிக்குமா? (வெள்ளவத்தை)

பாதிக்காது. தக்காளியில் இருக்கிற அதே குளூட்டமேட்தான். வெறும் வயிற்றில் மூன்று கிராமுக்கு மேல் போனால் சிலருக்குத் தலையிடி வரலாம். கொத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது உப்பையும் எண்ணெயையும்.

300, 330 ஆபத்தா? (தெஹிவளை)

முதலாவது விட்டமின் சி. மற்றது தேசிக்காய்ப் புளிப்பு. சைவக்காரர் என்றால் 120ஐத் தேடுங்கள், அது பூச்சியிலிருந்து எடுக்கிற சிவப்பு.

"இது நல்லதா?" (பெயர், ஊர் இல்லை)

எது? அனுப்பிய படத்தில் உங்கள் பெருவிரல்தான் தெரிகிறது. எண்ணும் அளவும் எழுதாமல் கேட்காதீர்கள்.

புறக்கோட்டையில் மஞ்சள் கலர்த்தூள் நிறுத்து வாங்கினேன். பிள்ளையின் பிறந்தநாள் புரியாணிக்கு எவ்வளவு போடலாம்? (கொட்டாஞ்சேனை)

ஒரு சிட்டிகைகூட வேண்டாம். பையில் பெயர் இருந்ததா? எண் இருந்ததா? டார்ட்ரசின், அதாவது 102 என்றால் கணக்குச் சொல்லலாம்: உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரை. பெயரில்லாத தூளுக்கு என்ன கணக்கு? மெட்டனில் மஞ்சளும் ரோடமின் பியும் உணவுக்கு ஆகாத சாயங்கள். மலிவு, நிறமும் நன்றாகப் பிடிக்கும், அதனால் உணவுக்குள் நுழைந்துவிடுகின்றன. "எல்லாரும் வாங்குகிறார்கள்" என்று கடைக்காரர் சொல்வது ஆய்வுகூட அறிக்கை அல்ல. எனக்கு எரிச்சல் இதுதான்: ஒழுங்காக அச்சடித்த எண்ணைக் கண்டு பதறுகிறவர்களே, கேசரிக்கும் பூந்திக்கும் அநாமதேயத் தூளைக் கரண்டியால் போடுகிறார்கள். அனுமதி பெற்ற கலரிலும் கவனம் வேண்டும். 2007இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வில், சில செயற்கை நிறங்களைச் சோடியம் பென்சோயேட்டுடன் (உணவு கெடாமலிருக்கச் சேர்ப்பது) கலந்து கொடுத்தபோது சில பிள்ளைகளுக்குத் துறுதுறுப்புக் கூடியது. 2010இலிருந்து ஐரோப்பாவில் அந்த நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயம். புரியாணிக்குச் சமையல் மஞ்சளும் கொஞ்சம் குங்குமப்பூவும் போதும். வாங்கிய தூளைக் குப்பையில் போடுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சீனிக்குப் பதிலாகப் போடும் அஸ்பார்டேம் புற்றுநோய் தருமாமே? (மட்டக்குளி)

2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவினர் "சாத்தியம் உண்டு" என்ற பட்டியலில் சேர்த்தார்கள், சான்று போதாது என்றும் சொன்னார்கள். கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற எல்லை மாறவில்லை. அறுபது கிலோ ஆளுக்கு அது நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு டின் டயட் சோடா. பினைல்கீட்டோனூரியா (அதிலுள்ள பினைலலனினை உடலால் உடைக்க முடியாத பிறவி நோய்) உள்ளவர்கள் மட்டும் தொடவே கூடாது.

உலர்ந்த அப்ரிகொட் சாப்பிட்டால் மகனுக்கு மூச்சு இழுக்கிறது. (பம்பலப்பிட்டி)

220 முதல் 228 வரை ஏதாவது எண் இருக்கிறதா பாருங்கள், அவை சல்பைட் வகை, உணவு கெடாமலும் நிறம் மாறாமலும் இருக்கச் சேர்ப்பவை. ஆஸ்துமாக்காரர் சிலருக்கு ஒத்துவராது. நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

மகள் தினமும் பாடசாலைக்கு சொசேஜ்தான் கேட்கிறாள். (வத்தளை)

தினமும் கூடாது. பக்கற்றில் 250 என்று இருப்பது நைட்ரைட், கிருமியை அடக்கத்தான் சேர்க்கிறார்கள். ஆனாலும் பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 18 வீதம் கூடுகிறது. ஒரு பெரிய சொசேஜே அவ்வளவு வரும். முட்டை அவித்துக் கொடுங்கள்.