57 சதவீதம் மோசமில்லை, தம்பி

பாலிடெக்னிக் புராஜெக்டுக்கு எழுதிய, எந்த அணி வெல்லும் என்று சொல்லும் பேஸ்பால் கணிப்பு நிரல் 57 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லவில்லை என்று மனம் தளர வேண்டாம். 2001இல் அமெரிக்காவின் சியாட்டில் மரினர்ஸ் அணி 116 ஆட்டங்களில் வென்றது. அந்த அணியே 46 முறை தோற்றது. ஒற்றை ஆட்டத்தைச் சொல்வது அவ்வளவு கஷ்டம். 80 சதவீதம் வந்தால்தான் சந்தேகப்படுங்கள்: ஆட்டம் முடிந்தபின் தெரியும் தகவல் ஏதோ உள்ளே கசிந்திருக்கும்.

வெற்றிக் கணக்கைவிட, எடுத்த ரன்னையும் கொடுத்த ரன்னையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், அன்றைக்குத் தொடக்கப் பிட்சர், அதாவது ஆட்டத்தின் தொடக்கத்தில் பந்து வீசுபவர், யார்? அந்த ஆள் மாறினால் அதே அணி வேறு அணி.

தேதியையும் சரிபாருங்கள். நியூயார்க்கில் கோடையில் இரவு 7 மணி ஆட்டம் என்றால் சிங்கப்பூரில் நமக்கு மறுநாள் காலை 7. சிங்கப்பூர்த் தேதியும் அமெரிக்கத் தேதியும் கலந்துபோய், நான் ஒரு வாரம் தவறான பிட்சரோடு ஆட்டங்களை இணைத்துக்கொண்டிருந்தேன்.