வாயேஜர் மாதிரிக்குச் சூரியத் தகடு வேண்டாம்

தொண்டி அண்ணனுக்கு, அறிவியல் கண்காட்சிக்குப் பாப்பா செய்த வாயேஜர் விண்கல மாதிரியில் சூரியத் தகடு ஒட்டியது சரியா என்று கேட்டிருந்தீர்கள். எடுத்துவிடச் சொல்லுங்கள். சனியைத் தாண்டினால் நமக்குக் கிடைக்கும் வெயிலில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பாம்பனில் ராத்திரி வள்ளத்தில் போகும்போது கரை விளக்கு சுருங்கிப் புள்ளியாகுமே, அப்படித்தான்.

1977இல் கிளம்பிய வாயேஜர் கலங்கள் இரண்டிலும் புளுட்டோனியம்-238 என்ற கதிரியக்கப் பொருளின் வெப்பம்தான் மின்சாரமாகிறது. ஆண்டுக்குச் சுமார் 4 வாட் குறைவதால் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து வருகிறார்கள். நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கும்.

அந்த மின்சாரம் தரும் கருவிகளாக, வலைநூல் தீர்ந்த குழல் மூன்றை ஒரே குச்சியில் வரிசையாகக் கோர்த்துப் பக்கவாட்டில் நீட்டுங்கள், அசலிலும் அப்படித்தான். ஆன்டெனாத் தட்டு 3.7 மீட்டர், பத்தில் ஒன்றாக 37 செ.மீ. போதும். வியாழனைச் சுற்றும் ஜூனோ விண்கலத்துக்குச் சூரியத் தகடு உண்டு, நடுவர் கேட்டால் பாப்பா அதையும் சொல்லட்டும்.